ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு விலைபோனவர்கள் யார்?

பாபா ஆடாவ் 2025 டிசம்பர் 8ஆம் நாள் புணேயில் மறைந்தார். அவருக்கு வயது 95. அன்று மாலை முதல் என் முகநூல் பக்கம் முழுவதும் அஞ்சலிகள். எழுதியவர்களுள் பெரும்பாலோர் என்னைப் போன்ற ஆய்வு மாணவர்கள், பேராசிரியர்கள். பெரும்பாலான அஞ்சலிகளில் ஒரே படம்: 2024 நவம்பர் இறுதியில், கஞ்ச் பேட்டையிலுள்ள மகாத்மா புலேயின் வீட்டில் அவர் மூன்று நாள் உண்ணாநோன்பு இருந்த படம். சட்டமன்றத் தேர்தல் முடிவுகள் 23ஆம் தேதி வந்தன. அவர் 28ஆம் தேதி உட்கார்ந்தார். சரத் பவார் வந்தார், அஜித் பவார் வந்தார், இறுதியில் உத்தவ் தாக்கரே தண்ணீர் கொடுத்து நோன்பை முடித்துவைத்தார். நானும் போயிருந்தேன். கூட்டத்தின் ஓரத்தில் அரைமணி நேரம் நின்றேன், படம் எடுத்துக்கொண்டேன், விடுதிக்குத் திரும்பி அதற்கு ஒரு குறிப்பும் எழுதி வெளியிட்டேன். இருநூற்றுச் சொச்சம் விருப்பக்குறிகள் விழுந்தன. இந்தப் பதிவு முதலில் அந்த என்மீதே வைக்கும் வழக்கு.

அந்த நோன்புக்கு வழங்கிய பெயர் நம்மில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? ‘ஆத்மகிலேஷ்’. தன்னைத் தானே வருத்திக்கொள்ளுதல் என்று பொருள். பிறரை நோக்கி நீட்டிய விரலுக்கு அப்படியொரு பெயர் பொருந்தாது. வாக்குப்பதிவு இயந்திரத்தைப் பற்றியும், தேர்தல் நேரத்தில் அரசுப் பணம் பாய்ந்ததைப் பற்றியும் அவர் கேள்வி எழுப்பவில்லையா என்றால், எழுப்பினார். அதை நான் மறைக்கவில்லை. எழுபது ஆண்டுகள் மூட்டை தூக்குவோரிடையே வேலை செய்த ஒருவருக்கு அதைக் கேட்கும் தகுதி இருந்தது. நாம் அவருடைய கேள்விகளை மட்டும் கடன் வாங்கிக்கொண்டோம். எழுபது ஆண்டுகளைக் கடன் வாங்க முடியாதல்லவா.

கணக்கை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். 2024 ஜூனில் மகாராஷ்டிரத்தின் 48 மக்களவை இடங்களில் மகா விகாஸ் ஆகாடி 30ஐ வென்றது. ஐந்து மாதங்களில், 288 பேர் கொண்ட சட்டமன்றத்தில் அதே மூன்று கட்சிகளும் சேர்ந்து 46. ஆளும் கூட்டணிக்கு 230. பாஜகவுக்கு மட்டும் 132. புணே நகரின் எட்டுத் தொகுதிகளில் வட்காவ் சேரி ஒன்றுதான் எதிரணிக்கு மிஞ்சியது. மார்க்சிஸ்ட் கட்சிக்குத் தஹாணு, உழவர் தொழிலாளர் கட்சிக்குச் சாங்கோலே. இடதுபக்கம் மிஞ்சியது அவ்வளவே.

இந்தச் சரிவுக்கு நம் வட்டாரத்தில் ஓராண்டாகச் சொல்லப்பட்டுவரும் விளக்கங்கள் இரண்டு. இயந்திரம் ஏமாற்றியது, பெண்கள் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு விலைபோனார்கள். முன்னது நம்மை இரங்கத்தக்கவர்களாக்குகிறது. பின்னது நம்மை உயர்ந்தவர்களாக்குகிறது. இரண்டும் நம்மை வேலையிலிருந்து விடுவிக்கின்றன.

முதலில் இயந்திரம். சோலாப்பூர் மாவட்டத்தின் மார்கட்வாடியில் ஊர் மக்கள் தாமே வாக்குச்சீட்டில் மாதிரி வாக்கெடுப்பு நடத்திப் பார்க்க முயன்றதும், அது தடுக்கப்பட்டதும் எனக்கும் உறுத்தலே. மக்களவைத் தேர்தலுக்கும் சட்டமன்றத் தேர்தலுக்கும் இடையில் வாக்காளர் பட்டியல் பருத்தது எப்படி என்ற கேள்விக்கு ஆணையம் நேராக விடை சொல்லவேண்டும். ஆனால் வாக்குப்பதிவு முடிந்ததும் அந்தச் சாவடியில் பதிவான வாக்குகளின் எண்ணிக்கையை 17சி படிவத்தில் எழுதி வேட்பாளர்களின் முகவர்களுக்கு நகல் தரவேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த நகலை வாங்க அந்த மாலை வேளையில் அந்த அறையில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். வரைவுப் பட்டியல் வெளியாகும்போது தெருத்தெருவாகச் சென்று, இல்லாத பெயரையும் இரட்டைப் பெயரையும் பார்த்து ஆட்சேபம் எழுத வேண்டும். இந்த மாநிலத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான சாவடிகள். இயந்திரம் குறித்து நெடுங்கட்டுரை எழுதிய நம்மில் எத்தனை பேர் ஒரே ஒரு சாவடியில் முகவராக அமர்ந்தோம்? எனக்குத் தெரிந்த வட்டத்தில் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் சொன்னார்: அன்று விடுமுறையாதலால் ஊருக்குப் போயிருந்தாராம். களவு நடந்ததா இல்லையா என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. காவலுக்கு ஆள் போடாத தோப்பில் மாங்காய் எண்ணிக்கை பற்றிப் புலம்புகிறோம் என்கிறேன்.

இனி ஆயிரத்து ஐந்நூறு. இங்கே சற்று நின்று பேசவேண்டும், ஏனெனில் நம்முடைய அழுக்கு இங்கேதான் அதிகம்.

என் களப்பணி குப்பை பிரிக்கும் கொட்டகைகளில். அங்கே ஒரு மாவ்ஷி. மராத்தியில் சின்னம்மாவுக்கு அதுதான் சொல். ஐம்பதைக் கடந்தவர். கணவன் விட்டுச்சென்று பதினெட்டு ஆண்டுகள். முடிவு வந்த வாரத்தில், எனக்கே தெரியாமல் என் குரலில் ஏறியிருந்த ஏளனத்துடன், ‘லாட்கி பஹீண்’ பணம் வந்ததா என்று கேட்டேன். அவர் பிளாஸ்டிக் புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னார்: “வந்தது, பாளா. ஜூலை, ஆகஸ்டுக்குச் சேர்த்து மூவாயிரம் முதலில். தீபாவளிக்கு முன் மொத்தம் ஏழாயிரத்து ஐந்நூறு. வட்டிக்காரரிடமிருந்து மீண்டேன். உங்கள் ஆட்கள் மூவாயிரம் தருவோம் என்றார்கள். முதலில் இதனால் கருவூலம் காலியாகும் என்றவர்கள் அவர்கள்தானே?” நான் குறிப்பேட்டை மூடிவிட்டேன். எதிரணி அந்தத் திட்டத்தை முதலில் பழித்ததும், பிறகு அதை இரட்டிப்பாக்கி ‘மகாலட்சுமி’ என்று அறிவித்ததும் பத்திரிகை படிக்காத அவருக்குத் துல்லியமாக நினைவிருந்தது. கையிலிருக்கும் பணத்தை நம்பி, வாயிலிருக்கும் பணத்தை நம்பாத ஒருவரை நாம் ‘அரசியல் விழிப்பற்றவர்’ என்று எழுதுகிறோம்.

தமிழ் நண்பர்களிடம் தனியாக ஒரு சொல். 2023 செப்டம்பர் 15 முதல் தமிழ்நாட்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் போகத் தொடங்கியது. அதை நாம் மகளிரின் கூலியற்ற உழைப்புக்கான ஏற்பு என்று எழுதினோம். நானும் ஒரு கருத்தரங்கில் அவ்வாறே வாசித்தேன். கிருஷ்ணா நதியை ரயில் தாண்டியதும் அதே பணம் கையூட்டாகிவிடுகிறதா? வேறுபாடு இல்லையென்று சொல்லமாட்டேன். அங்கே அது 2021 தேர்தல் அறிக்கையில் வாக்குறுதியாக வந்து ஆட்சிக்காலத்தின் நடுவே நிறைவேறியது. இங்கே ஜூனில் அறிவித்து ஆகஸ்டில் கொடுத்து நவம்பரில் அறுவடை செய்தார்கள். இன்னொரு வேறுபாடு எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது. அங்கே அதன் பெயர் உரிமைத் தொகை. இங்கே ‘முதலமைச்சரின் அருமைத் தங்கை’. அண்ணன் தங்கைக்குத் தருவது சீர். சீரில் தங்கைக்கு வழக்காடும் உரிமை கிடையாது, நன்றி சொல்லும் கடமை மட்டும் உண்டு. ‘நான் யாருக்கும் தங்கையல்ல, இந்நாட்டின் குடிமகள், இது என் உரிமை’ என்று அந்தப் பெண்களோடு சேர்ந்து சொல்வதற்கு நமக்கு ஜூலை முதல் நவம்பர் வரை நேரம் இருந்தது. படிவம் நிரப்பும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் அந்த உரையாடலைத் தொடங்கியிருக்கலாம். அந்த நாற்காலியில் இருந்தவர்கள் அங்கன்வாடி ஊழியர்கள், படிவத்துக்கு ஐம்பது ரூபாய் என்ற வாக்குறுதியில். அவர்களுக்குப் பக்கத்தில் வார்டுக்கு வார்டு ஆளுங்கட்சிக்காரர்கள். நாம் அக்காலத்தில் ‘நலத்திட்ட ஜனரஞ்சகவாதம்’ பற்றி இணையவழிக் கூட்டங்கள் நடத்திக்கொண்டிருந்தோம்.

தேர்தலுக்குப் பிறகு நடந்ததையும் பாருங்கள். 2,100 ஆக உயர்த்துவோம் என்றார்கள்; உயரவில்லை. 2025 ஜூலையில் சுமார் 26 லட்சம் பேர் தகுதியற்றவர்கள் எனக் கண்டறியப்பட்டதாக அமைச்சரே அறிவித்தார். பிறகு மின்வழிச் சரிபார்ப்பு வந்தது: பயனாளியின் ஆதார் மட்டும் போதவில்லை, கணவன் அல்லது தந்தையின் ஆதாருக்கு வரும் கடவு எண்ணும் வேண்டியிருந்தது. கணவன் இறந்தவர், விட்டுப்போனவர், தந்தையும் இல்லாதவர் எங்கே போவார்? அருமைத் தங்கை மறுபடியும் ஓர் ஆணின் தொலைபேசி வழியாகவே அரசுமுன் தோன்றவேண்டியிருந்தது. வாக்கு வாங்கிய கட்சிக்கு எதிராக ஒரு பெரும் பெண்கள் இயக்கம் முளைத்திருக்க வேண்டிய இடம் இது. முளைக்கவில்லை. விலைபோனவர்கள் என்று நாம் கைகழுவிய பெண்களிடம் போய் ‘உங்களுக்கு அநீதி நடக்கிறது’ என்று சொல்ல நமக்கு நாக்கு எழவில்லை.

இதே ஊரில் வேறு விதமாக நடந்த வரலாறு இருக்கிறது. அதுவும் ஒரு பல்கலைக்கழகத் துறையிலிருந்து தொடங்கியது என்பதை ஆய்வு மாணவர்கள் கவனிக்க வேண்டும். எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தின் புணே வளாகத்தில் வயதுவந்தோர் கல்வித் துறையில் இருந்த பூர்ணிமா சிகர்மானே, லட்சுமி நாராயண் முதலியோர், குப்பை பொறுக்கும் குழந்தைகளுக்கு எழுத்தறிவு வகுப்பு எடுக்கப் போனார்கள். குழந்தைகள் வழியாகத் தாய்மார்கள். தாய்மார்களுக்கு வேண்டியிருந்தது அகர வரிசை அன்று. பிரித்தெடுக்கப்பட்ட குப்பை கைக்குக் கிடைப்பதும், திருடிகள் என்று காவலர் விரட்டாமல் இருப்பதும். துறையினர் பாடத்திட்டத்தை விட்டுவிட்டு அதன்பின் போனார்கள். 1993இல் பாபா ஆடாவின் தலைமையில் காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத் பிறந்தது. காகிதம், கண்ணாடி, தகரம் பொறுக்கி உழைப்போரின் பஞ்சாயத்து. சில ஆண்டுகளில் அவர்கள் கொடுத்த அடையாள அட்டைக்கு மாநகராட்சி ஒப்புதல் அளித்தது. 2008இல் ‘ஸ்வச்’ கூட்டுறவு மாநகராட்சியோடு ஒப்பந்தம் செய்து வீடுவீடாகக் குப்பை வாங்கத் தொடங்கியது. உறுப்பினர்களில் மிகப் பெரும்பாலோர் தலித் பெண்கள். ஒப்பந்தம் புதுப்பிக்கும் காலமெல்லாம் தனியாருக்குத் தள்ளிவிடும் பேச்சு எழும், அவர்கள் தெருவுக்கு வருவார்கள், ஒப்பந்தம் நீளும்.

அதற்கும் முன்னால் 1950களில் ஹமால் பஞ்சாயத். மூட்டை தூக்குவோரிடம் சந்தா வாங்கி, கணக்கு வைத்து, ‘கஷ்டாச்சி பாக்கர்’ என்ற மலிவு உணவகம் நடத்தி, குடியிருப்பும் கட்டிய சங்கம். 1969இல் மகாராஷ்டிரம் சுமைதூக்குவோருக்கெனத் தனிச் சட்டம் இயற்றியதற்குப் பின்னால் மும்பையின் மாத்தாடிகளும் புணேயின் ஹமால்களும் நடத்திய போராட்டம் இருக்கிறது. நாள்கூலிக்காரருக்கும் சேமநிதி உண்டு என்று சட்டப் புத்தகத்தில் ஏறியது அப்படித்தான். இவற்றில் சலிப்பூட்டாத பகுதி மிகக் குறைவு. சந்தா ரசீது, செயற்குழுக் குறிப்பேடு, மருத்துவமனைக்குத் துணை, காவல்நிலையத்துக்குத் துணை, திரும்பவும் சந்தா ரசீது.

நம் வகைப் போராட்டத்தில் சலிப்பே கிடையாது. ‘நிர்பய் பனோ’ கூட்டங்கள் 2024இன் தொடக்கத்தில் அரங்குகளை நிறைத்தன. பிப்ரவரி 9 அன்று நிகில் வாக்ளேயின் காரை இந்நகரின் தெருவில் தாக்கியபோதும் கூட்டம் நின்றுவிடவில்லை. அந்தத் துணிவைக் குறைத்துப் பேச எனக்குத் தகுதியில்லை. அரசமைப்புக்கு ஆபத்து என்ற சொல் அந்த ஜூனில் வஸ்திகளில் உண்மையாகவே எடுபட்டது. ஆனால் அரங்கு காலியானபின் வந்தவர்களின் பெயர்ப்பட்டியல் யாரிடம் இருந்தது? அடுத்த மாதம் அவர்கள் எந்த வீட்டில் கூடினார்கள்? மறுபக்கம், 1925 முதல் நாள்தோறும் ஒரு மணிநேரம் மைதானத்தில் கூடுகிறவர்கள். ‘சஜக் ரஹோ’ என்று அவர்கள் 2024இல் நடத்தியவை மாநாடுகள் அல்ல, வரவேற்பறையில் பத்துப் பேர் அமரும் சிறு கூட்டங்கள். அவர்கள் சொன்ன செய்தி நஞ்சு. சொன்ன முறை உழைப்பு. நஞ்சை ஆராய்ந்து நாம் முனைவர் பட்டம் வாங்குகிறோம், உழைப்பை ஆராய்வதில்லை.

நம் குறுக்குவழிக்கு எல்லாரும் அறிந்த சான்று கஸ்பா பேட்டை. 1995 முதல் பாஜகவிடம் இருந்த தொகுதி. 2023 மார்ச்சில் இடைத்தேர்தலில் காங்கிரசின் ரவீந்திர தங்கேக்கர் வென்றார். புணேயின் முற்போக்கு வட்டாரம் அதை ஒரு யுகமாற்றம் போல் கொண்டாடியது. நானும் இனிப்பு வாங்கினேன். 2024இல் மக்களவைக்கும் நின்று தோற்றார், சட்டமன்றத்திலும் தோற்றார். 2025 மார்ச்சில் ஷிண்டேயின் சிவசேனையில் சேர்ந்துவிட்டார். அவரைத் திட்டிப் பயனில்லை. அவர் அரசியல்வாதி, அவர் கணக்கு அவருக்கு. அவரைப் பிடித்து நிறுத்தக்கூடிய, ‘எங்களைக் கேட்காமல் எப்படிப் போவீர்’ என்று கேட்கக்கூடிய ஓர் அமைப்பு அத்தொகுதியில் நம்மிடம் இல்லை. வேட்பாளர்தான் நம் அமைப்பாக இருந்தார். அவர் போனதும் எல்லாம் போயிற்று.

அச்சத்தைப் பற்றி நீ பேசவில்லையே என்பீர்கள். பேசுகிறேன். 2013 ஆகஸ்ட் 20 காலையில் ஓம்காரேஷ்வர் பாலத்தில் நரேந்திர தாபோல்கரைச் சுட்டார்கள். 2017 டிசம்பர் 31 அன்று சனிவார் வாடாவில் நடந்த எல்கார் பரிஷத்தைச் சாக்காக்கிப் பேராசிரியர்களும் வழக்கறிஞர்களும் ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்தார்கள். சுதா பரத்வாஜ் சத்தீஸ்கரில் செய்தது தொழிற்சங்க வேலை. அதாவது, நான் இங்கே பரிந்துரைக்கிற அதே வேலை. 2025 ஜூலையில் மாநிலச் சட்டமன்றம் ‘பொதுப் பாதுகாப்பு’ மசோதாவையும் நிறைவேற்றிவிட்டது. ஆகவே இது ஆபத்தற்ற வேலை என்று யாருக்கும் நான் வாக்களிக்க முடியாது. விடுதியில் தனி அறை, உதவித்தொகை, ஒப்பந்த ஆசிரியப் பணி என்று ஒற்றை நூலில் தொங்குகிறவர்களுக்கு அச்சம் நியாயமானது. ஆனால் ரேஷன் அட்டை வரிசையில் ஒரு கிழவியோடு நிற்பதற்கும் நாம் போகவில்லை. அதற்கு எந்தச் சட்டம் தடை?

இன்னொரு மறுப்பு இதைவிடக் கடினமானது. ஹமால் பஞ்சாயத் எழுபது ஆண்டாக இருக்கிறது, குப்பை பொறுக்குவோர் சங்கம் முப்பதாண்டைக் கடந்துவிட்டது. இருந்தும் புணே எட்டில் ஒன்றுதானே தந்தது, சங்கத்துப் பெண்களும் அந்த மாவ்ஷியைப் போலத்தானே வாக்களித்தார்கள்? உண்மை. இந்த இடத்தில் என் வாதம் நொண்டுகிறது. சங்கம் வாக்கு எந்திரம் அல்ல, எந்தக் கட்சி ஆண்டாலும் உறுப்பினரைக் காப்பதே அதன் வேலை என்று சொல்லித் தப்பலாம். அது பாதி விடைதான். மகாராஷ்டிரத்தில் இயக்கங்கள் தெருவை எடுத்துக்கொண்டு தேர்தலைக் கட்சிகளிடம் விட்டுவிட்டன என்று நினைக்கிறேன். 1873இல் புலே தொடங்கிய சத்தியசோதக மரபின் அரசியல் ஆற்றல், கேசவராவ் ஜேதே போன்றவர்கள் வழியாக 1930களில் காங்கிரசுக்குள் போயிற்று. விடுதலையை ஒட்டி அவர்களில் சிலர் வெளியேறி உழவர் தொழிலாளர் கட்சி கண்டனர்; அது இன்று சாங்கோலேயில் ஓர் இடமாகச் சுருங்கி நிற்கிறது. பாபாவே அறுபதுகளில் மாநகராட்சி உறுப்பினராக இருந்துவிட்டுத் தேர்தல் பாதையை விட்டு விலகினார். ‘ஒரு ஊர், ஒரு நீர்நிலை’ என்று கிராமம் கிராமமாக நடந்தது அதற்குப் பிறகு. தமிழ்நாட்டில் படிப்பகமும் கட்சியும் ஒரே தெருவில் இருந்தன, முடிதிருத்தகமே வாசகசாலையாக இருந்தது. இங்கே சங்க அலுவலகத்திலிருந்து வாக்குச்சாவடிக்குப் போகும் வழியில் பாலம் கட்டப்படவில்லை. அதைக் கட்டுவது எப்படி என்று எனக்குத் தெளிவாகத் தெரியாது. அறிக்கையில் கையொப்பமிட்டு அதைக் கட்டமுடியாது என்பது மட்டும் தெரியும். (தமிழ்நாட்டு நண்பர்கள் இதைப் படித்துப் பெருமிதம் கொள்ளுமுன் தம் ஊர்ப் படிப்பகத்தில் கடைசியாக எப்போது நாளிதழ் வந்தது என்று பார்த்துவிட்டு வரவும்.)

தொலைவில் வேண்டாம், நம் வளாகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் படிக்கும் இடத்தின் பெயர் வேண்டாம். எல்லா இடத்திலும் இதுதான். துப்புரவும் காவலும் ஒப்பந்ததாரரிடம். சென்ற பருவத்தில் ஒப்பந்ததாரர் மாறியபோது எங்கள் கட்டடத்தைப் பெருக்கிய மூன்று பெண்கள் ஒரே நாளில் நின்றுபோனார்கள். சேமநிதி எண் கேட்டால் அலுவலகம் பழைய ஒப்பந்ததாரரைக் காட்டியது, அவர் தொலைபேசியை எடுக்கவில்லை. அதே வாரம் எங்கள் துறையில் ‘முறைசாரா உழைப்பு: கோட்பாட்டுச் சவால்கள்’ என்று இரண்டு நாள் கருத்தரங்கு. தேநீர்க் கோப்பைகளை எடுக்க ஆளில்லை என்று ஏற்பாட்டாளர் வருந்தினார். நான் இரண்டாம் நாள் பிற்பகல் அமர்வில் கட்டுரை வாசித்தேன். அந்த மூவரில் ஒருவருடைய முழுப்பெயர்கூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மாநகராட்சித் தேர்தல் நெருங்கியிருந்தது. 2022 மார்ச் முதல் அதுவரை புணேக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களே இருக்கவில்லை, நிர்வாகி ஆட்சி. அறிக்கைகள் தயாராகிக்கொண்டிருந்தன, எனக்கும் மூன்று வந்துவிட்டன. இம்முறை எதிலும் கையொப்பமிடவில்லை, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேட்பது இதுதான். மின்வழிச் சரிபார்ப்பை 2025 டிசம்பர் இறுதிக்குள் முடிக்கவேண்டும் என்றிருந்தது. வரும் இரண்டு சனிக்கிழமைகளும் காலை எட்டு முதல் பதினொன்று வரை கொட்டகையருகில் ஒரு மேசை போடுகிறோம். எப்போதும் இருப்பவர்கள் இப்போதைக்கு நால்வர். ஆதாரோடு தொலைபேசி எண் இணையாதவர்கள், கணவனின் இறப்புச் சான்று இல்லாதவர்கள், பெயர் நீக்கப்பட்டதன் காரணமே அறியாதவர்கள் வருவார்கள். அரசாணையை மராத்தியில் படித்துச் சொல்லத் தெரிந்தவர்கள் வேண்டும். பேச்சு திக்கினாலும் பாதகமில்லை; அவர்களுக்கும் நம் ளகரம் உண்டு, எப்படியோ புரிந்துகொள்வார்கள். வரும் ஒவ்வொருவரின் பெயரும் வஸ்தியும் ஒரு நோட்டில் ஏறும். அந்த நோட்டு ஆய்வேட்டுக்கானதன்று. ஜனவரியில் அதே வீடுகளுக்குத் திரும்பிப் போவதற்கு. வாக்குக் கேட்க அல்ல, பணம் வந்ததா என்று கேட்க.

நான் சொன்ன மாவ்ஷியின் சரிபார்ப்பு இன்னும் முடியவில்லை. தந்தை இறந்துவிட்டார், சான்றிதழ் ஊரில். கணவனின் ஆதாருக்கு வரும் கடவு எண்ணைத் திரை கேட்டுக்கொண்டே இருக்கிறது. சென்ற வாரம் என் தொலைபேசியைத் திருப்பிக் காட்டியபோது அவர் சிரித்தார். “பதினெட்டு வருஷமாக அவன் உயிரோடு இருக்கிறானா என்பதே எனக்குத் தெரியாது, பாளா. அவனுக்கு வந்த எண்ணை நான் எங்கே போய்க் கேட்பேன்?”